திறப்பு

மண்டபத்தில் எங்களை ஏற்றிய பேருந்து
சேலத்தை நெருங்கியபோது விடிந்துகொண்டிருந்தது.
சாலையோரம் வெள்ளை வெள்ளையாய்க் குவியல்கள்.
"உப்பு! கடல் கிட்டத்தான்" என்று
அக்கா பிலோமினா எழுந்தே நின்றுவிட்டாள்.
சன்னல்பக்கம் இருந்தவர்கள் எல்லாரும் மூக்கை நீட்டினோம்.
ஓட்டுநர் திரும்பாமலே சொன்னார்:
"வெள்ளக்கல்லுங்க அது. சுட்டு, உலைக்கு அனுப்புவாங்க.
கடலுக்குப் போகணும்னா ஒரு ராத்திரி ஆகும்."

எங்கள் துறையின் கதையைக் கேட்பவர்களுக்கு
நான் படகிலிருந்து தொடங்குவேன்.
பதினைந்து பேர் படகில் நாற்பத்தொரு பேர்,
அணைத்து வைத்த விளக்கு, குழந்தையின் வாயைப் பொத்திய கை.
உச்சுக்கொட்டுவார்கள். தேநீர் சொல்வார்கள்.

படகுக்கு மூன்று கிழமை முந்தி நடந்ததைச் சொல்வதில்லை.

ஒலிபெருக்கி.
பொழுது சாய்வதற்குள், ஆளுக்கு ஒரு பையோடு.
பள்ளிவாசல் தெரு முழுவதும்.
செய்னுலாப்தீன் நானா அடுப்பில் கொதித்த கறியை இறக்கிவைத்தார்,
கதவைப் பூட்டினார், இழுத்துப் பார்த்தார்,
வேலிக்கு மேலால் திறப்பை அப்பாவிடம் நீட்டினார்.
"கோழிக்குத் தண்ணி வையுங்கோ.
ரெண்டு ஞாயிறு போக வந்திருவம்."

அனுப்பியவர்கள் எங்கள் பாஷைதான் பேசினார்கள்.
துவக்கோடு நின்றவர்களில் ஒருவன்
எனக்கு நீந்தப் பழக்கியவன்.
அப்பா வேலியைவிட்டு நகரவில்லை.
வாயும் திறக்கவில்லை.

இரண்டு ஞாயிறு போனது.
கோழிகள் ஏழு.
மூன்றாம் கிழமை கடைகளில் எதுவும் இல்லை.

பிறகு எங்கள் முறை.
எங்கள் வீட்டைப் பூட்டினோமா என்று
இன்றுவரை யாருக்கும் நினைவில்லை.
நானா வீட்டுத் திறப்பு மட்டும்
அம்மாவின் இடுப்பு முடிச்சில் கடலைத் தாண்டியது.

முகாமில் வளர்ந்து பெயின்ட் வேலைக்குப் போன முதல் நாள்
அழகாபுரத்து பங்களா வாசலில்
"திறப்பைத் தாங்கோ" என்றேன்.
மேஸ்திரி பச்சியண்ணன் சிரித்த சிரிப்பில் சாரம் ஆடியது.
"ஏம்ப்பா, மந்திரி வந்து ரிப்பன் வெட்டறாரா?"
அன்றிலிருந்து எனக்கும் சாவிதான்.
எல்லா வீட்டுக்கும் சாவி. அது ஒன்றுக்குத் தவிர.

பச்சை பிடித்துவிட்டது அதில்.
டர்பன்டைன் தொட்டுத் துடைப்பேன், மறுமழைக்குள் மறுபடி ஏறும்.

போன மாதம் ஏற்காடு அடிவாரத்தில் வேலை.
மூன்று மாடி. வெளிச்சுவருக்குக் கடல் நீலம் கேட்டார்கள்.
எந்த நேரத்துக் கடல் என்று கேட்கவில்லை,
அட்டையில் உள்ளதைக் கலந்து கொடுத்தேன்.
சாரத்தில் நின்றபோதுதான் போன் வந்தது,
மன்னாரிலிருந்து, தெரிந்தவர் ஒருவர்:
நானா புத்தளத்தில் இருக்கிறார்,
காது மந்தம், நினைவு தெளிவு,
வீடு இருந்த இடத்தில் இப்போது முள்ளும் கிணறும்.

எண்ணை நீலத்துக்குப் பக்கத்திலேயே
அட்டையில் எழுதி வைத்திருக்கிறேன்.
இன்னும் அழுத்தவில்லை.

வீட்டைப் பற்றிக் கேட்டால் சொல்லிவிடலாம்.
அப்பா ஏன் பேசாமல் நின்றார் என்று கேட்டால்
செத்தவர் மேல் போடலாம்.

கோழியைக் கேட்டால்?

தினமும் வெள்ளைக்கல் குவியலைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன்.
தெரியும், உப்பில்லை.
மூக்கு ஒவ்வொரு தடவையும் நீள்கிறது.