கழுத்தடித் தடம்

ஞாயிறு காலை பத்தரை.
அரசரடியில் கண்ணாடிக் கடைக்கு மேல்மாடி.
கீழே கண்ணாடி அறுக்கும் சத்தம்
சுதியோடு ஒருநாளும் சேர்ந்ததில்லை.

செருப்பை வாசலில் விட்டு
வழக்கம்போல் சம்மணமிட்டேன்.
"எந்திரிங்க சார்" என்றாள் சலேத் மேரி.
"கணுக்கால்ல சாய்ச்சா இந்தப் பாட்டு தூங்கிடும்."

முப்பது வருடம் பாதத்தில் கிடந்ததைத்
தோளுக்கு ஏற்றுவது
சாமியைச் சப்பரத்தில் ஏற்றுவது மாதிரி இல்லை,
சிலிண்டரை மூன்றாம் மாடிக்கு ஏற்றுவது மாதிரி.

எனக்கு நாற்பத்தாறு. அவளுக்குப் பத்து குறைவு.
கால்வே என்ற ஊரில் எட்டு வருடம்
டயாலிசிஸ் வார்டில் நர்ஸ்.
விடுப்பு நாளில் மதுக்கடை மூலையில்
ஆரஞ்சு ஜூஸோடு உட்கார்ந்து
காதால் திருடிய மெட்டுகள் இருநூற்றுச் சொச்சம்.
நோட்டுப் புத்தகம் கிடையாது.
"பேப்பர்ல ஏறினா இறங்காது சார்."
வயலின் என்று நாங்கள் திருத்திக்கொண்டதை
அவள் திரும்பவும் பிடில் என்கிறாள்.

முதல் சண்டை சுதி.
ஸ ப ஸ ப என்று
இரண்டு வீட்டில் நான்கு பேராய் இருந்த தந்திகளை
முறுக்கித் தனிக்குடித்தனம் வைத்தாள்.

அடுத்தது கமகம்.
காந்தாரத்தைத் தொட்டதும் என் விரல் தானாக ஆடும்.
"நேரா நில்லு" என்பாள்,
எனக்கில்லை, காந்தாரத்துக்கு.
ஆட்டத்துக்குப் பதில் ஒரு வெட்டு:
மேல்விரல், தோசைக்கல்லில் பட்டதுபோல்
தொட்டு விலக வேண்டும்.
சுரமில்லை அது. சுரத்துக்கு வந்த விக்கல்.

மூணும் மூணும் ஆறு, எனக்கென்ன புதிதா?
தகிட தகிட என்று தட்டிக் காட்டினேன்.
"கணக்கு சரி. நடை சரியில்ல.
ரெண்டாவது எழுத்தைக் கொஞ்சம் ஏமாத்துங்க."
பந்தியில் இன்னொரு ஜாங்கிரி கேட்பவரை
ஏமாற்றுவது மாதிரியா?
"ஆமா. ஆனா சிரிச்சுக்கிட்டே."

கழுத்தடியில் சிவந்து கறுத்த தடம் பார்த்து
வளர்மதி இரண்டு நாள் பேசவில்லை.
பிடிலை எடுத்துப் பொருத்திக் காட்டினேன்.
சரியாகப் பொருந்தியது.
அதற்குப் பிறகும் ஒரு நாள் பேசவில்லை.

ஆவணியில், திருமங்கலம் வரவேற்பில்,
மாப்பிள்ளை மேடையேறும் நேரம் கரண்ட் போனது.
கீபோர்டு செத்தது. பாடகி மைக்கைத் தட்டிப் பார்த்தாள்.
நான் எழுந்து நின்றேன்.
முடியப் போவதுபோல் வந்து
முடியாமல் முதல் அடிக்கே திரும்பும் மெட்டு.
ஒரு சுற்று. இரண்டு. ஐந்து.
சிக்கந்தர் தபலாவில் நுழைந்துகொண்டான்.
இருட்டில் பிள்ளைகள் நாற்காலிகளைச் சுற்றி ஓடும் சத்தம்,
யாரோ ஒரு பெரியவர் "ஐஸ்கிரீம் உருகுதுடா" என்று கத்தியது.
ஜெனரேட்டர் வந்ததும் நிறுத்திவிட்டேன்.
"என்ன ராகம்ணே?"
தெரியாது.
"பாட்டு பேரு?"
அதுவும்.

ஞாயிற்றுக்கிழமை சலேத்திடம் கேட்டேன்.
சொல்லிக்கொடுத்த பஸ் டிரைவருக்கும் தெரியாதாம்.
"நீங்க வாசிச்சதை வாசிங்க."
வாசித்தேன்.
இரண்டாம் பாதியில் அவள் புருவம் நெரிந்தது.
"இது நான் குடுத்தது இல்லையே."
காந்தாரம் எங்கோ ஒருமுறை ஆடியிருக்கிறது,
இருட்டில் எனக்கே தெரியாமல்.
நேரா நில்லு என்று சொல்வாள் எனக் காத்திருந்தேன்.

தன் பிடிலைத் தோளுக்கு ஏற்றினாள்.
"இன்னொரு தடவை."
தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

காதால் திருடுகிறவளின் முகத்தை
அன்றுதான் பார்த்தேன்.