நான்கு எட்டில் முடிந்துவிடும் வீடு

பன்னிரண்டு வருடமாகக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்.
கீழ்ப்பாக்கம், தரைத்தளம், ஏசி பதினெட்டில்.
அரைஞாண், மெட்டி, கொக்கி, வரமாட்டேன் என்கிற மோதிரம்.
தாலியைக் கழற்றத் தயங்குகிறவர்களுக்கு
டிராயரில் ஒரு மஞ்சள் கயிறு வைத்திருக்கிறேன்.
"அசையக் கூடாது. எதையும் யோசிக்காதீங்க."
இரண்டாவதை ஏன் சொல்கிறேன் என்று
யாரும் கேட்டதில்லை. எனக்கும் தெரியாது.

கேட்பதெல்லாம் வேறு.
கொத்தவால்சாவடி வியாபாரி ஒருவர் குரலைத் தாழ்த்தி
"கடன் தெரியுமா தம்பி?" என்றார்.
சிரித்துக்கொண்டே கூண்டை மாட்டினேன் தலைக்கு.
படத்தில் கடன் இல்லை.
வயதுக்கேற்ற சுருக்கம்,
சைனஸில் கொஞ்சம் சளி.

தெரிந்ததும் உண்டு.
காசிமேட்டு பிலோமினா புருஷனைக் கூட்டி வந்தாள்.
ஒரு வருடமாகத் தட்டை வீசுகிறான்,
பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.
நெற்றிக்குப் பின்னால்
எலுமிச்சை அளவு வெள்ளை.
சொல்வது டாக்டர் வேலை; நான் ஃபிலிமை உறையிலிட்டேன்.
மறுநாள் தனியாக வந்து கண்ணாடியைத் தொட்டபடி நின்றாள்:
"அப்போ என்னைப் பிடிக்காம இல்ல."
அது படத்தில் இருக்கிறது என்றும் சொல்ல முடியாது,
இல்லை என்றும்.
தலையாட்டினேன். சம்பளத்தில் சேராத வேலை.

நஸ்ரின் வந்தது சித்திரையில், ஆராய்ச்சிக்கு.
இரவு பத்துக்கு மேல் மெஷின் சும்மா கிடக்கும் நேரம்.
ஒரு ஆள் வரவில்லை.
"நீங்களே படுங்களேன் அண்ணா,
ஐநூறு ரூபா, ஒரு ரோஸ்மில்க்."
படுத்தேன்.
வெளியே இத்தனை வருடம் கேட்ட சத்தம் வேறு;
உள்ளே
மெட்ரோவுக்குத் துளை போடுகிறார்கள்
என் காதெலும்பு வழியாக.

தாளைப் பார்த்துப் படிக்கும் குரல்:
"விரலை மடக்குவதாக நினையுங்கள்.
ஓய்வு.
இப்போது உங்கள் வீட்டுக்குள் நடங்கள், அறை அறையாக."

அறை அறையாக!
புளியந்தோப்பில் வாரியக் குடியிருப்பு, இரண்டாம் மாடி,
நான்கு எட்டில் முடிந்துவிடும் வீடு.
முப்பது நொடிக்கு எங்கே போவது?
கட்டிலைச் சுற்றினேன். அடுப்பு மேடை.
பால்கனி என்ற பேரில் ஒரு கம்பி.
நேரம் மிச்சமிருந்தது, வெளியே வந்தேன்:
பொதுக்குழாய், வரிசையில் குடங்கள், நீலம் நீலம் பச்சை,
எதிர்வீட்டு ஸ்டீபன் கேரம் போர்டுக்குப் பவுடர் தட்டுகிறான்,
உடைந்த நான்காம் படி, தாண்டினேன்.
"ஓய்வு" என்றாள்.
நான் நிற்கவில்லை.

பிறகு திரையில் பார்த்தோம்.
இரண்டு பக்கமும் புளியங்கொட்டை அளவு ஆரஞ்சு.
"சூப்பரா வந்திருக்கு அண்ணா."
அது நினைப்பு இல்லை, ரத்தம் என்றும் அவளே சொன்னாள்.
வேலை நடந்த இடத்துக்கு
ஐந்தாறு நொடி கழித்து வந்து சேர்கிற ரத்தம்,
தண்ணி லாரி போன பிறகு
ஈரமாய்க் கிடக்கும் தெரு மாதிரி.
ஆரஞ்சுகூட கணினி பூசுவதுதான்.
எங்கேயோ செத்த மீனைப் படுக்கவைத்துப் படமெடுத்தார்களாம்;
கணக்கைத் திருத்தாமல் விட்டதில்
அதன் மண்டையிலும் ஒரு புள்ளி எரிந்ததாம்.
"வஞ்சிரமா?" என்றேன். சிரித்தாள்.

அவளிடம் சொல்லாதது:
அந்தக் கட்டடத்தைப் போன வருடமே இடித்தாயிற்று.
உறுதியற்றது என்று நோட்டீஸ் ஒட்டி,
பத்து நாள் தந்து.
இப்போது மணலியில் வாடகை; இரண்டு அறை, தாராளமாக நடக்கலாம்.
"உங்கள் வீடு" என்றதும்
கால் பழைய படியேறிப் போனது, என்னைக் கேட்கவில்லை.
நிற்கிற சுவருக்கும் இல்லாத சுவருக்கும்
ஒரே ஆரஞ்சு.
கோப்பில் பேர் கிடையாது.
ஆள் பதினேழு, ஆண், நாற்பத்தொன்று, இயல்பு.

மறுநாள் முதல் டோக்கன் ஒரு கல்லூரிப் பையன்.
அசையக் கூடாது என்றேன்.
"பயமா இருந்தா எதை நினைக்கிறது சார்?"

கொஞ்சம் யோசித்து,
"உங்க வீடு பெரிய வீடா?" என்றேன்.