பதினேழாம் பிரிவு

ஒப்பந்தம் இருபத்திரண்டு பக்கம், மூன்று மொழியில்.
தமிழ்ப் பிரதியில் குளிரறை எல்லாம்
குளியலறை என்று இருந்தது.
சிவப்புப் பேனையால் திருத்தினேன்.
மாநகரசபையில் என் வேலை
அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

ஐஸ்கிரீம் கம்பெனி
கிராண்ட்பாஸ் களஞ்சியத்தில் ஒரு குளிரறையும்
மூன்று லொறியும் தரும்.
சபை தடுப்பூசியும் தாதியரும் தரும்.
கொள்ளைநோய் வந்தால்.

வந்துவிட்டது என்று யார் சொல்வது?
அதுதான் பதினேழாம் பிரிவு.
அதற்கு மட்டும் ஏழு கூட்டம், ஏழு தட்டு கட்லெட்.
"நியாயமான காலத்துக்குள்" என்று
கம்பெனி வழக்கறிஞர் மெனுஷி எழுத எழுத,
"நான்கு மணித்தியாலத்துக்குள்" என்று
டொக்டர் பத்மகாந்தன் வெட்டி வெட்டி எழுதினார்.
கடைசியில் இரண்டையும் போட்டுக்
கையெழுத்து வைத்தார்கள்.

ஒத்திகை ஒரு புதன்கிழமை, விடிய நாலரை.
குப்பிகளில் வெறும் தண்ணீர்.
ஜிந்துப்பிட்டித் தோட்டத்து ஒழுங்கைக்குள்
முதலில் எங்கள் வாகனம் போனது.
ஒலிபெருக்கியில் சிங்களம், பிறகு தமிழ்.
ஒரு கதவும் திறக்கவில்லை.
ஒரு ஜன்னல் மெல்லச் சாத்துப்பட்டது.
இதே ஒலிபெருக்கி அந்த வருஷம் வந்தபோது
பின்னாலேயே பஸ்ஸும் வந்தது;
ஏற்றிப் போனார்கள், எங்கே என்று சொல்லவில்லை.
அந்த அறிவித்தலை மொழிபெயர்த்ததும் நான்தான்.

பிறகு லொறி.
சாரதி துவான் ஜுனைத்
முந்தின நாளே சொல்லியிருந்தார்:
மணிச்சத்தமும் குளிரூட்டியும் ஒரே வயர்.
சத்தத்தை நிறுத்தினால் குளிரும் நிற்கும்.
யாரும் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.
இருபத்திரண்டு பக்கத்தில் அதற்கு இடமில்லை.

டிங் டிங் என்று, மழைத்தண்ணி தேங்கிய இருட்டில்,
பெரிய வெள்ளை லொறி.
சாரத்தை முடிந்துகொண்டு ஒருவர்.
நைட்டிக்கு மேல் துவாய் போர்த்து நாலு பேர்.
பிறகு பிள்ளைகள், பிள்ளைகள்,
பல் விளக்காத வாயோடு.
டொக்டர் எண்ணத் தொடங்கினார்.
நூற்றி நாற்பது வரைக்கும் எண்ணினார்.

"என்ன வருத்தம் வருது, மிஸ்?"
ஒரு பெண் என் அடையாள அட்டையைப் பார்த்துக் கேட்டாள்.
ஒன்றும் இல்லை, ஒத்திகைதான் என்றேன்.
"அப்ப ஐஸ்கிரீம்?"
அதுவும் இல்லை.
அவள் சிரித்தாளா ஏசினாளா தெரியாது,
மணி அடித்துக்கொண்டே இருந்தது.

அறிக்கையில் எழுதினேன்:
வெப்பநிலை நான்கு பாகை, கடைசிவரை மாறவில்லை.
வருகை எதிர்பார்த்ததிலும் அதிகம்.
மணியைக் கழற்ற வேண்டும் என்று மெனுஷி ஒரு திருத்தம் அனுப்பினாள்.
டொக்டர் அதையும் வெட்டினார்.

ஒன்றை மட்டும் எழுதவில்லை.
கலைந்து போகும்போது ஒரு சிறுமி
இருபது ரூபாய்க் குத்தியை என் கையில் வைத்து,
வரும்போது தாங்கோ என்று சொல்லி ஓடிவிட்டாள்.
எந்த வீடு என்று தெரியாது.
சபைக் கணக்கில் வைப்பதா, கம்பெனிக் கணக்கில் வைப்பதா?
மேசை லாச்சியில் கிடக்கிறது,
பதினேழாம் பிரிவின் மேல்,
கடதாசி பறக்காமல்.