சென்கோடி

நாகப்பட்டினம், முன்னாள் படைவீரர் நல அலுவலகம்.
மின்விசிறி இரண்டு; ஒன்று சுற்றுகிறது.
அதன் கீழ் பெஞ்சில் உட்கார்ந்துதான்
வெளிநாட்டில் ஒரு வருடம் படிக்கிற விண்ணப்பத்தை
முட்டியில் வைத்து நிரப்பினேன்.

பெயர்: செங்கொடி.
எங்கள் தலைஞாயிறு பக்கம் இந்தப் பெயருக்கு
யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.
ராணுவப் பதிவேட்டில் மட்டும் நான் சென்கோடி.
நான் பிறந்த சேதி ரெஜிமெண்டுக்குப் போனபோது
ஏதோ ஒரு குளிர் ஊரின் குமாஸ்தா
கொடியைப் பிடித்து நீட்டிவிட்டார்.
திருத்த மூன்று மாதம் ஆகுமாம்.
கடைசித் தேதிக்கு ஒன்பது நாள்.
சரி, சென்கோடியே போகட்டும் என்றேன்.

தந்தை: ஹவில்தார் த. மாசிலாமணி.
முகவரி: மே/பா 56 ஏ.பி.ஓ.
அது ஊர் இல்லை.
அந்த எண்ணுக்குள் எங்கேயோ
அப்பா சாப்பிடுகிறார், பூட்ஸ் துடைக்கிறார்,
துணி காயப்போடுகிறார்.

போக விரும்பும் நாடு: நெதர்லாந்து.
ஏன் என்று இருநூறு சொல்லில் கேட்டிருந்தார்கள்.
மேட்டூரில் திறந்த தண்ணீர்
முறை வைத்து, முறை மாறி
எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேர்கையில்
ஆகாயத்தாமரையை முட்டிக்கொண்டு
மேலே நகர மாட்டாமல் நிற்பதை எழுதினேன்.
அதற்குள் எதிர்ப்பக்கமாகக் கடல்
அரிச்சந்திரா நதியில் ஏறி வருவதை எழுதினேன்.
கடலைவிடத் தாழ்வாக வயல் வைத்திருப்பவர்களிடம்
எனக்குக் கேட்க வேண்டியது இருக்கிறது என்று முடித்தேன்.
நூற்று எண்பத்தேழு சொல். எண்ணினேன்.

மறுபக்கத்தில் கட்டங்கள்.
போரில் இறந்தவர் பிள்ளைக்கு நாற்பது.
பணியில் இறந்தவருக்கு முப்பது.
உறுப்பு இழந்தவருக்கு இருபது.
ஓய்வு பெற்றவருக்குப் பத்து.
பணியில் இருப்பவருக்கு ஐந்து.

கல்லூரி மார்க்கோடு கூட்டினால் எனக்கு அறுபத்தெட்டு.
போன வருடம் கடைசி ஆளுக்குக் கிடைத்தது எண்பத்திரண்டில்.
தாளின் ஓரத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
பத்து போதாது.
இருபது வைத்தாலும் எழுபத்தெட்டுதான்.
ஒரு கால் போதாது.

அப்போதுதான் என்ன கணக்கு இது என்று
உறைத்தது.
அடித்தேன். அடித்ததன்மேல் அடித்தேன்.
தாள் கிழிந்தது.
மறுபடி நகல் எடுக்க இரண்டு ரூபாய்.

பக்கத்தில் ஜெசிந்தா. பரவைக்காரி.
முதல் கட்டத்தில் சின்னதாக ஒரு டிக் போட்டிருந்தாள்,
யாரையும் எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல.
என் தாளை எட்டிப் பார்த்து,
"அஞ்சுதானா?" என்றாள்.
"அஞ்சுதான்."
கொஞ்சம் பொறுத்து,
கண்டக்டரிடம் சில்லறை கேட்கிற குரலில்,
"மாத்திக்கலாமா?"

மின்விசிறி சுற்றியது.
பிறகு அவளே, கோந்து இருக்கா என்றாள்.
கொடுத்தேன்.
படத்தை ஒட்டி, காய்வதற்கு
ஊதிக்கொண்டே இருந்தாள்.

திரும்புகாலில் ஒரே பஸ். பரவையில் இறங்கிவிட்டாள்.
தனியாக வரும்போது என் தப்பான பெயரை
நாக்கில் புரட்டிப் பார்த்தேன்.
கோடி என்றால் பணம்.
கோடி என்றால் கடைசி,
காவிரிக்கு எங்கள் ஊர் மாதிரி.
கோடி என்றால், சாவு வீட்டுக்கு
எடுத்துப் போகிற புதுத்துணியும்தான்.
பாவம், அந்தக் குமாஸ்தாவுக்குத்
தமிழ் தெரியாது.

ராத்திரி போன் வந்தது.
குரல் விட்டு விட்டுக் கேட்டது.
"எவ்வளவு வரும்?"
"கொஞ்சம் குறையும்ப்பா."
"எதுல?"
"இங்கிலீஷ்ல."
"போகுது விடு, அடுத்த முறை எடுத்துக்கலாம்."

சரி என்றேன்.
மறுமுனையில் என் ஐந்து மார்க்
இரண்டு தரம் இருமியது,
அங்கே மழையா என்று கேட்டது,
அம்மாகிட்ட குடு என்றது.