தாளின் பின்பக்கம்

காலை நாலரைக்கு பஸ் கூரையிலிருந்து
பேப்பர் கட்டு விழும்.
நாலு தமிழ், ரெண்டு தெலுங்கு.
ஒவ்வொன்றுக்குள்ளும் மடித்து வைத்த ஒரு போஸ்டர்.
துணி கிளிப்பில் கடை முகப்பில் மாட்டுவேன்.
எது மேலே, எது கீழே என்பதற்கே
கட்சிக்காரர்கள் சண்டைக்கு வந்துவிடுவார்கள்.
பள்ளிப்பட்டு தாண்டிக் கடைசிக் கடை எங்களுடையது.
கடைக்குப் பின்னால் எல்லைக்கல்,
அதற்கப்புறம் வேறு முதலமைச்சர்.

போஸ்டருக்குப் பின்னால் கட்டில்.
கட்டிலில் என் வீட்டுக்காரர் முனிகிருஷ்ணன்,
வலது காலுக்குள் கம்பி.

மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள்
கரும்பு லாரி இடித்தது.
மொபெட் தமிழ்நாட்டில் கிடந்தது.
அவர் ஆந்திராவில்.
ஒற்றைச் செருப்பு கல்லின் மேலேயே.
ரெண்டு ஏட்டுகள் வந்து டேப் பிடித்தார்கள்.
எங்க சரகம் இல்லம்மா என்றார் இவர்.
மாதி காதம்மா என்றார் அவர்.
எனக்கு ரெண்டு மொழியும் தெரியும்,
அன்றைக்கு ஒன்று தெரிந்தாலே போதுமாயிருந்தது.

வெயில் ஏறினால் போஸ்டர் ஊடாக வெளிச்சம் வரும்,
தாள் அவ்வளவு மெல்லிசு.
படுத்தபடியே பின்பக்கமிருந்து படிப்பார்
கண்ணாடியில் விழுந்த மாதிரி திரும்பிய எழுத்தை.
"மந்திரி பதவி போயிடுச்சாம்மே."
"எந்த மந்திரி?"
"கிளிப்பு மறைக்குது."

தேர்தல் வந்தது, ரெண்டு பக்கமும்.
வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் உள்ளே நுழைந்து
கட்டுப்போட்ட காலைத் தொட்டுக்கொண்டு
போட்டோ எடுத்துக்கொண்டார்.
ஓட்டு எங்கே என்று கேட்டார்.
இங்கேதான் என்றேன்.
எழுந்துவிட்டார். அவர் அந்தப் பக்கத்து வேட்பாளர்.

பெங்களூரா மாங்காய் கிலோ மூன்று ரூபாய்க்கு இறங்கி
கூழ் ஃபேக்டரி வாசலில் டிராக்டர்கள் ராத்திரியெல்லாம் நின்று
விடிந்ததும் ரோட்டிலேயே கொட்டிவிட்டுப் போனார்கள்.
பஸ் சக்கரம் வழுக்கியது, ஊரே புளித்து நாறியது.
போஸ்டரில் வந்தது
ஒரு நடிகையின் விவாகரத்து.

நடுவில் சட்டங்களுக்கே பெயர் மாறிற்று.
பிரிவுகளுக்கெல்லாம் புது எண்.
வக்கீல் மோகனவேலு எங்கள் மனுவில்
பழைய எண்ணை அடித்துப் புதியதை எழுதினார்.
பிறகு அதையும் அடித்துப் பழையதையே எழுதினார்:
இடித்த நாளில் இருந்த சட்டம்தான் இதற்குப் பொருந்துமாம்.
எழுதியதற்கும் அடித்ததற்கும் சேர்த்து
முந்நூறு ரூபாய்.

தக்காளி நூறைத் தொட்டது, எட்டுக்கு வந்தது.
உச்ச நீதிமன்றம் தடை போட்டது,
எதற்கென்று கீழே பொடியெழுத்து.
அவர் கேட்டார், நான் கூட்டத்தில் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஐப்பசியில் மேலே அணையைத் திறந்தார்கள்.
வெள்ள எச்சரிக்கை காலைப் பேப்பரில் வந்தது.
தண்ணீர் முந்தைய ராத்திரியே வந்துவிட்டது.
தரைப்பாலம் போய், மூன்று நாள் கட்டு வரவில்லை.
கட்டிலைச் செங்கல் வைத்து உயர்த்தினேன்.
வெறும் கிளிப்புகளைப் பார்த்தபடி படுத்திருந்தவர்
"நாட்டுல இன்னிக்கி ஒண்ணும் நடக்கல போல" என்றார்.
சிரித்தேனா என்று ஞாபகமில்லை.
கையில் வாளி இருந்தது.

மார்கழியில் மனுவுக்கு எண் விழுந்தது.
சரகம் எதுவென்று சொல்ல ஒரு சர்வேயர் வருவாராம்.
அடுத்த வாய்தா தை பதினெட்டு.

அந்த வாரம்தான் கம்பியை எடுத்தார்கள்.
கோலூன்றி மெல்ல வெளியே வந்து
ஒரு வருஷத்தில் முதல்தடவையாக
போஸ்டருக்கு எதிரே நின்றார்.
உதடு அசைந்தது, நின்றது, திரும்ப அசைந்தது,
ஒண்ணாங்கிளாஸ் பையன் மாதிரி.
"இன்னா போட்டிருக்கான்?"
"எழுத்தெல்லாம் திரும்பிக் கெடக்குது தேசம்மா."

உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.
கொஞ்ச நேரம் கழித்துச் சத்தமாகக் குரல் வந்தது:
"பஸ் சார்ஜு ஏறுதாம்மே."
"எப்பலேர்ந்து?"
பதில் இல்லை.

எட்டிப் போய் கிளிப்பை
ஒரு விரல்கடை தள்ளி மாட்டினேன்.