கழித்தது போக

பாகாயத்தில் ஓர் அறை. எழுபத்து நாலு, மே மாதம்.
இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ.
மயக்க மருந்து டாக்டர், ஆஸ்டல் வார்டன்,
ரத்தப் பரிசோதனைக் கூடத்து தேவசகாயம்,
கண் பிரிவு எப்சிபா.
ஒரே மைக். அதுவும் ஜன்னல் பக்கம்.

டேப்பைக் கொண்டுவந்தவர் டாக்டரின் மருமகன்.
"சுத்தமா இருக்கணும், சி.டி. மாதிரி" என்றார்.

காகிதப்பட்டறை மாடியில்
ஏ.சி.யை அணைத்தால்தான் இந்த வேலை நடக்கும்.
ஹெட்போன் பஞ்சில் வேர்வை ஊறியது.

முதலில் மின்விசிறி.
ஒரே சுருதியில் நிற்பது, சுலபமாகச் சிக்கியது.
பிறகு பிரம்பு நாற்காலி,
நோட்டுப் பக்கம் திரும்பும் சரசரப்பு,
காகம், இரண்டு தடவை,
கண்டோன்மென்ட்டில் நின்று கிளம்பிய
மீட்டர்கேஜ் வண்டியின் ஊதல்.
மூச்சை மட்டும் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்:
வில்லை இழுப்பதற்கு அரை நொடி முன்னால்
எப்சிபா இழுக்கிற மூச்சு.
அதையும் எடுத்தேன். அட்வான்ஸ் வாங்கியிருக்கிறேன்.

மிச்சம் நன்றாகத்தான் இருந்தது,
துடைத்து வைத்த ஸ்டீல் மேஜை மாதிரி.
யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான்
தெரியவில்லை.

கழித்ததையும் ஒரு தடவை கேட்பது என் வழக்கம்.
வடித்த கஞ்சியில் சோறு போயிருக்கிறதா என்று
கைவிட்டுப் பார்க்கிறோமே, அப்படி.

போயிருந்தது கொஞ்சம்.
வில் நரம்பைத் தொடும் முதல் உரசல்.
அதற்கும் அடியில், விசிறிக்கும் அடியில்,
ஒரு குரல்:

ஒன்னு ரெண்டு மூணு நாலு
ரெண்டு ரெண்டு மூணு நாலு
மூணு ரெண்டு மூணு நாலு

தேவசகாயம்.
பகலெல்லாம் கண்ணாடிச் சில்லில் அணுக்களை எண்ணிய மனிதர்
வயோலாவுக்கு வேலையில்லாத இடங்களை
எண்ணிக்கொண்டிருக்கிறார்.
இந்தத் தமிழ்
ஐம்பது வருஷமாக வயலின்களுக்குக் கீழே
பதுங்கியிருந்திருக்கிறது.

மூன்றாம் பகுதியில் ரயில் வருகிறது.

ஒம்போது ரெண்டு மூணு நாலு
பத்து ரெண்டு

ஊதல்.
நிறுத்திவிட்டார். கணக்கு தொலைந்துவிட்டது.
விசிறி சுற்றுகிறது. நாற்காலி ஒருமுறை முனகுகிறது.
எனக்கு வயிற்றைப் பிசைகிறது,
ஐம்பது வருஷம் கழித்து, இந்த மாடியில்.

செல்லோ பக்கமிருந்து,
வாசிப்பை விடாமல், உதட்டைத் திறக்காமல்
சொன்னதுபோல் ஒரு பெண்குரல்:

பதினொன்னு.

அடுத்து வயோலா நுழைந்திருக்க வேண்டும்.
நுழைந்ததா என்று இதில் கேட்க முடியாது.
அது
மருமகனுக்கு அனுப்பிய கோப்பில் இருக்கிறது.