இருபத்து நாலில் ஒன்று

பகல் முழுக்கப் பல்செட் லேபில்
முகம் தெரியாதவர் வாய்க்கு அளவு.
ராத்திரி ஒன்பதரைக்கு மேல்
அதே மெழுகுக் கத்தி, அதே பர் முனை,
சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு
காருக்குக் கதவு வெட்ட உட்கார்வேன்.

இருபத்து நாலில் ஒன்று கணக்கு.
மேசையில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால்
வாசலில் நிற்கும் வண்டியில் அது ஓர் அங்குலம்.
சக்கரம் ஒரு சட்டைப் பொத்தான்.
தும்மக் கூடாது.

மற்றவர்கள் ஃபெராரி கட்டுகிறார்கள்,
பெட்டியைத் திறந்ததுமே சிவப்பாய் இருக்குமாம்.
எனக்கு மாருதி எண்ணூறு.
அதற்குக் கிட் எங்கும் அகப்படவில்லை.
பிளாஸ்டிக் தகடு வாங்கி
கூரையிலிருந்து ஆரம்பித்தேன்.

வாசலில் நிற்பதை என் வண்டி என்று
அப்போது சொல்ல முடியாது.
கொட்டாரக்கரை லீலம்மா சிஸ்டரிடம் வாங்கியது.
பணம் கொடுத்தாயிற்று, சாவி கையில்,
ஆரியங்காவு ஏறிப் புளியரை இறங்கி
செங்கோட்டைக்கு வந்தும் சேர்ந்தாயிற்று.
தடையில்லாச் சான்று மட்டும்
மலைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது.
புரோக்கர் சசிதரனுக்குப் போன் போட்டால்
“அடுத்த ஆழ்ச்ச, சேச்சி.”
ஆழ்ச்ச என்றால் வாரம்.
ஏழு மாதமாய் எனக்கு அது
ஆழம் என்றே கேட்டது.

ஓட்ட முடியாத வண்டியை வேறென்ன செய்ய?
தார்ப்பாயைத் தூக்கித் தூக்கி அளந்தேன்.
ஆர்.சி. புத்தகத்தில் வெள்ளை என்று போட்டிருந்தது.
பல் நிறப் பட்டையை பானெட்டில் வைத்துப் பார்த்தேன்:
ஏ மூன்று.
அறுபதைத் தாண்டிய, கட்டஞ்சாயா குடிக்கிற வாய்.

இடது பின்கதவில் ஒரு சொட்டை.
ரோஸ் நிற அல்ஜினேட் குழைத்து அப்பி
அச்செடுத்துக்கொண்டிருந்தபோது
எதிர்வீட்டு ஜெய்லானி பீவி கேட்டாள்:
“ஏட்டி, காருக்குமா பல்லு கட்டுத?”

மாத்திரை அட்டையின் காகிதத்தில் கண்ணாடி விளிம்பு.
பல்லுக்குப் போடும் தெளிந்த அக்ரிலிக்கில் முன்விளக்கு.
காது மெஷின் வயரில் என்ஜினின் நரம்பு;
பானெட் ஒட்டியபின் யாரும் பார்க்கப் போவதில்லை,
இருந்தாலும்.
சாரல் மூன்று மாதமும் ஸ்பிரேவைத் தொடவில்லை,
ஈரத்தில் அடித்தால் பெயிண்ட் பால் பூத்துப் போகும்.
வெறும் உப்புத்தாள். தேய், கழுவு, தேய்.
ஒரு வைப்பர் மொசைக் தரையில் விழுந்தது.
டார்ச் அடித்து இரண்டு ராத்திரி தேடினேன்.
எறும்புதான் கொண்டுபோயிருக்க வேண்டும்.

டேஷ்போர்டில் அந்தோணியார் ஸ்டிக்கர் ஒன்று,
சிஸ்டர் ஒட்டியது.
ஒற்றை மயிர்த் தூரிகையால்
பழுப்பில் ஒரு புள்ளி அங்கி,
வெள்ளையில் ஒரு புள்ளி குழந்தை,
பொன்னில் ஒரு புள்ளி ஒளி.
மூச்சை மூன்று தரம் நிறுத்தினேன்.

எட்டாம் மாதம் ஒரு புதன்கிழமை
சான்று வந்தது, கூரியரில், மடங்கி.
இலஞ்சி பட்டறையில் தங்கத்திரவியம்
சொட்டைக்குப் புட்டி வைத்து, தேய்த்து,
கப்பல் மாதிரி வெள்ளையடித்து,
டி.என். எழுபத்தாறு தட்டு மாட்டி,
“உள்ளயும் சுரண்டிச் சுத்தமாக்கிட்டேன், அக்கா” என்றார்.

மேசையிலிருப்பது இன்னும் கே.எல். இருபத்து நாலு.
சொட்டையோடு, ஒரே வைப்பரோடு.

நேற்று மஸ்கட்டிலிருந்து லீலம்மா சிஸ்டர்.
வண்டி எப்படி ஓடுகிறது,
புளியரை எஸ் வளைவில் இரண்டாம் கியர்தானே,
எல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில்,
“மோளே, எந்தெ புண்ணியாளன்
இப்பவும் அவிடெ உண்டோ?”

“உண்டு சிஸ்டர்.”

போனை வைத்ததும்
பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன்.
பழுப்பு இருந்தது. வெள்ளை, பொன்.
முகத்துக்கு இடமில்லையென்று
அன்றைக்கு விட்டிருக்கிறேன்.